மார்ச் ஒன்றாம் தேதிக்கு முன்: ஸ்டீல்ஹெட் ஆறுகளில்

புதன், பிப்ரவரி 23, 2022
சியாட்டிலிலிருந்து ஃபோர்க்ஸ்

ஏப்ரல் முதல் வாரம் போவதாகத்தான் இருந்தோம். ஒலிம்பிக் தீபகற்பத்தின் ஆறுகளில் பெரிய ஸ்டீல்ஹெட் மீன்கள் ஏறிவரும் காலம் மார்ச்சும் ஏப்ரலும். இந்த மாதம் வாஷிங்டன் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பு வந்தது. மீன் வரத்து மிகவும் குறைந்துவிட்டதால் கடலோர ஆறுகளில் மார்ச் 1 முதல் தூண்டில் போடத் தடை. அண்ணன் அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார். "பாப்பா, மாதம் முடிவதற்குள் போனால் உண்டு. இல்லையென்றால் இந்த வருடம் கிடையாது." நான் அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன். இனி நடப்பதை அன்றன்றைக்கு எழுதிப் போடுகிறேன்.

ஸ்டீல்ஹெட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊட்டிக்கு அருகே அவலாஞ்சி ஓடைகளில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரவுட்டும் இதுவும் ஒரே இனம். ஒரே தாய்க்குப் பிறந்த குஞ்சுகளில் சில ஆற்றோடு தங்கி டிரவுட்டாகவே வாழ்ந்து முடிக்கும். மற்றவை ஓரிரு ஆண்டுகள், சில சமயம் மூன்று ஆண்டுகள் ஆற்றில் வளர்ந்து, உடல் வெள்ளி நிறமாகி, கடலுக்கு இறங்கும். வட பசிபிக்கின் நடுப்பகுதி வரை போய் மேய்ந்துவிட்டுப் பிறந்த ஆற்றுக்கே திரும்பிவரும். பசிபிக் சால்மன்கள் சினையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் சில பிழைத்து மறுபடியும் கடலுக்குப் போகும், மறுபடியும் வரும். 1969 முதல் இதுதான் வாஷிங்டனின் மாநில மீன்.

படகேறிக் கரை மாறி ஹூட் கனால் பாலத்தைக் கடந்தோம். 1961இல் திறந்த மிதவைப் பாலம் இது. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இதன் கான்கிரீட் மிதவைகள் நீருக்குள் ஏறக்குறைய நாலரை மீட்டர் ஆழம் இறங்கி, கடற்கழியின் அகலம் முழுவதையும் கிட்டத்தட்ட அடைத்து நிற்கின்றன. கடலுக்குப் போகும் இளம் ஸ்டீல்ஹெட் மேற்பரப்பை ஒட்டியே நீந்தும். முன்னால் சுவர் வந்ததும் தடுமாறி அங்கேயே சுற்றும். சீல்கள் அதற்காகவே காத்திருக்கும். குஞ்சுகளின் உடலில் சிறு ஒலிக்கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், பாலம்வரை உயிரோடு வந்தவற்றில் பாதி வரை அதைத் தாண்டவில்லை என்று தெரியவந்தது. சியாட்டிலை ஒட்டிய ப்யூஜெட் சவுண்ட் கடற்கழிப் பகுதியின் ஸ்டீல்ஹெட் 2007இலேயே அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் கூட்டாட்சிப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

போர்ட் ஏஞ்சலஸ் தாண்டி எல்வா ஆற்றுப் பாலத்தருகே வண்டியை நிறுத்தினோம். இந்த ஆற்றில் 1913இலும் 1927இலும் கட்டிய இரண்டு அணைகள் இருந்தன. இரண்டிலும் மீன் ஏறிப்போக வழியே வைக்கவில்லை. 2011இல் இடிக்கத் தொடங்கி 2014இல் முடித்தார்கள். அணைக்கு மேலே சிறைப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக டிரவுட்டாக வாழ்ந்தவற்றின் வழித்தோன்றல்கள் மறுபடியும் கடலுக்குப் போயின. கோடையில் ஏறும் ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பி வந்தன. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. இன்றைக்கும் அந்தப் பாலத்தின்மேல் நின்றபோது அப்படித்தான் இருந்தது. எல்வாவில் தூண்டில் போட இன்னும் தடை நீடிக்கிறது. நீடிக்கட்டும்.

நாங்கள் போகும் மேற்குக் கரை ஆறுகளான ஹோ, சோல் டக், போகஷீல், கலாவா ஆகியவற்றில் அணையே கிடையாது. இவை பிறப்பது ஒலிம்பிக் மலைகளில். அவற்றின் மேற்பகுதிகளைத் தேசியப் பூங்கா காக்கிறது. கரையில் பெருநகரம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் மீன் குறைகிறது. எல்வாவில் அணையைக் காட்டிக் குற்றம் சொல்ல முடிந்தது. இங்கே யாரைக் காட்டுவது என்ற கேள்விதான் வழி நெடுக மனதில் ஓடியது.

ஃபோர்க்ஸ் வந்து சேரும்போது இருட்டிவிட்டது. மழைக்குப் பேர்போன ஊரில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. குளிர் எலும்பைத் துளைக்கிறது.


வியாழன், பிப்ரவரி 24
ஹோ ஆறு

விடுதியின் சிற்றுண்டி அறையில் எல்லோரும் முகக்கவசத்தோடு தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உக்ரைனில் போர் தொடங்கிவிட்டது. ஆற்றுக்குப் போகும் வேகம் யாரிடமும் இல்லை. காப்பியை முடித்துவிட்டு ஒவ்வொருவராகப் பேசாமல் எழுந்து போனார்கள்.

ஹோ ஆறு ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறையிலிருந்து புறப்படுவது. பாறையை அரைத்த மாவு கலந்து வருவதால் நீருக்குப் பால் கலந்த நீலம். இன்று உறைபனியில் மலையிலிருந்து எதுவும் உருகி வரவில்லை. ஆறு வற்றி, தெளிந்து, கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. தெளிந்த தண்ணீரில் ஸ்டீல்ஹெட் மிரளும். நீர்மட்டம் இறங்கியிருந்தால் புது மீன் கடலிலிருந்து ஏறுவதும் குறைவு.

நாங்கள் பிடிப்பது இருகைக் கோலில். பதின்மூன்று அடி நீளம். இறகும் மயிரும் முள்ளில் கட்டிய பொய் இரையை ஆற்றின் குறுக்கே சாய்வாக எறிய வேண்டும். மூழ்கும் நரம்பு நீரோட்டத்தில் வில்லாக வளைந்து இரையைக் கரைப்பக்கமாக மெல்ல இழுத்துவரும். அது கரையோரம் வந்து நின்றதும் இரண்டு எட்டு கீழே இறங்கி மறுபடி எறிய வேண்டும். இப்படியே ஒரு மடுவின் தலையிலிருந்து வால்வரை நடந்து முடிப்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். இன்று கோலின் வளையங்களில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டே இருந்தது. நாலைந்து எறிக்கு ஒரு முறை கோல் முனையைத் தண்ணீரில் முக்கி எடுத்தோம். மேலே வந்ததும் மறுபடி உறைந்தது. வளையத்துக்குள் இருந்த கட்டியை நகத்தால் சுரண்டினால் கண்ணாடி வளையல் துண்டுபோல் முழுசாகக் கழன்று வந்தது.

விதிகளைச் சொல்ல வேண்டும். முள் ஒற்றையாக இருக்க வேண்டும். அதன் உட்பக்கக் கொக்கியை நசுக்கியிருக்க வேண்டும். புழு, மீன்முட்டை போன்ற இரை கூடாது. படகில் வரலாம், ஆனால் படகிலிருந்து தூண்டில் போடக் கூடாது, இறங்கி நின்றுதான் போட வேண்டும். ஆற்றில் பிறந்த மீன் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது; விடப்போகும் மீனைத் தண்ணீருக்கு மேலே முழுதாகத் தூக்கவும் கூடாது. படகு பற்றிய விதி 2020 டிசம்பரில்தான் வந்தது. வழிகாட்டிகள் பலருக்கு இன்றும் அது ஆறாத கோபம். எனக்கு அந்த விதி சரியென்றே படுகிறது. படகு எட்டும் இடமெல்லாம் தூண்டில் எட்டினால் மீனுக்கு ஒதுங்க இடமே இல்லை. நடந்து எட்ட முடியாத பாறை மறைவுகளாவது அதற்கு மிஞ்சட்டும்.

காட்டுப் பாதையில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஆரிகன், ஐடஹோ, மான்டானா எண்பலகைகள். ஒவ்வொரு மடுவிலும் ஆள். மாலைவரை எங்களுக்கு ஒரு தொடுகை கூட இல்லை. நாங்கள் பேசியவர்களில் யாருக்கும் இல்லை.


வெள்ளி, பிப்ரவரி 25
சோல் டக்

சோல் டக் ஹோவைப் போல் பரந்து புரளும் ஆறு அல்ல. காட்டுக்குள் ஒடுங்கி, ஆளுயரப் பாறைகளுக்கு நடுவே, பாசிப் பச்சை நிறத்தில் ஓடுவது. 2012இல் மாநில அரசு இதை இயற்கை ஸ்டீல்ஹெட்டின் மரபணுக் காப்பகம் என்று அறிவித்து, செயற்கையாகப் பொரித்து வளர்க்கும் பொரிப்பகக் குஞ்சுகளை இதில் விடுவதை நிறுத்தியது.

நண்பகலுக்குச் சற்று முன் அண்ணனின் நரம்பு நடு ஆற்றில் நின்றது. கல்லில் மாட்டியதாகத்தான் இருவரும் நினைத்தோம். பிறகு அந்தக் கல் மேல்நோக்கி நகர்ந்தது. ரீல் அலறியது. மீன் துள்ளவில்லை, கனத்துக் கீழே கீழே போயிற்று. நிறைய நேரம் போராடவிட்டால் அது பிழைக்காது என்பதால் அண்ணன் கோலைத் தாழ்த்திப் பக்கவாட்டில் அழுத்தம் கொடுத்து விரைவாகக் கரையோர ஆழமற்ற நீருக்குக் கொண்டுவந்தார். நான் முழங்காலிட்டு வாலின் மெலிந்த பகுதியைப் பிடித்துக்கொண்டேன்.

பெண் மீன். என் கையின் நீளம் இருக்கும். முதுகு சாம்பல் கலந்த ஆலிவ் பச்சை, அதில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். செவுள் மூடியில் வெளிறிய ரோஜா நிறம் அப்போதுதான் படரத் தொடங்கியிருந்தது. ஆற்றுக்கு வந்து சில வாரங்கள் ஆகியிருக்க வேண்டும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில் உள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பு முழுதாக இருந்தது. பொரிப்பகத்தில் வளர்ந்தவற்றுக்கு அடையாளமாக அதை நறுக்கிவிடுவார்கள். இது ஆற்றில் பிறந்தது.

அண்ணனின் முள் இடது கடைவாயில் சுத்தமாகப் பதிந்திருந்தது. முள்ளைக் கழற்றிவிட்டுத் தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பினேன். அப்போதுதான் வலப்பக்கம் தெரிந்தது. மேல்தாடையின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய எலும்புத் தகடு பாதி கிழிந்து தொங்கியது. கிழிந்த விளிம்பு வெளுத்து, உள்ளே சதை இன்னும் சிவப்பாக இருந்தது. இது வேறொருவரின் முள், சில நாட்களுக்கு முன் பட்டது. அவரும் விதிப்படிதான் விட்டிருப்பார். செவுள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டு பிடியைத் தளர்த்தினேன். ஒரு கணம் என் விரல்களுக்கிடையே நின்றது. பிறகு வாலை ஒரே உதறாக உதறிவிட்டுப் பாறை நிழலுக்குள் போய்விட்டது.

அண்ணன் கோலை நான்கு துண்டாகக் கழற்றி உறையில் போட்டார். "போதும் பாப்பா" என்றார். எனக்கும் அதற்குப் பிறகு எறிய மனம் வரவில்லை. கரையில் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த தேநீரைக் குடித்தோம்.

பிடித்து விடுவதைப் பாவமற்ற விளையாட்டாகவே நாங்கள் எல்லோரும் பேசிப் பழகியிருக்கிறோம். இயற்கை மீனைக் கொல்லாமல் விட வேண்டும் என்ற பழக்கம் வருவதற்கே பல ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விடப்படும் பத்து மீனில் ஒன்று செத்துப்போகும் என்று வைத்துக்கொண்டுதான் துறை கணக்குப் போடுகிறது. ப்யூஜெட் சவுண்ட் பக்கம் குளிர்கால இயற்கை மீனுக்கான ஆறுகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கின்றன. தெற்கே செஹாலிஸ் ஆற்றில் இந்தப் பருவம் தொடங்கவே இல்லை. அந்த ஆறுகளின் ஆட்கள் எல்லோரும் இங்கே வந்துவிடுகிறார்கள். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். ஓர் ஆற்றை மூடும்போது அதன் கூட்டம் பக்கத்து ஆற்றின் தலையில் விழுகிறது. கடைசியாகத் திறந்திருக்கும் ஆற்றின் மீன் இரண்டு முறை, மூன்று முறை முள் தாங்க வேண்டியிருக்கிறது. இன்று பார்த்த அந்தத் தாடை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இரவு உணவகத்தில் பக்கத்து மேசையில் ஒரு வழிகாட்டி. அறுபதைத் தாண்டியவர். மார்ச், ஏப்ரல் பதிவுகள் அத்தனையும் ரத்து என்றார். இவருடைய குடும்பம் முன்பு மரம் வெட்டும் தொழிலில் இருந்தது. 1990இல் புள்ளி ஆந்தை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டுக் கூட்டாட்சிக் காடுகளில் வெட்டு குறைந்தபோது படகு வாங்கி மீனுக்கு மாறியவர். ஒரே வாழ்நாளில் இரண்டாவது முறையாகத் தொழில் நழுவுகிறது. தடை தேவைதான் என்று நினைக்கும் நான் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மூடுவது சரி. எதை மூடுகிறார்கள் என்று பாருங்கள்" என்றார். "என் தாத்தா காலத்தில் நவம்பர் கடைசியிலேயே இயற்கை மீன் நிறைய வரும். அந்த மீன் எங்கே?"


சனி, பிப்ரவரி 26
போகஷீல், லா புஷ்

நேற்று அவர் கேட்டதை விடாமல் யோசித்தேன். ஏனென்றால் அதற்கு விடை இருக்கிறது.

இந்த ஆறுகளில் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பிடிப்புப் பதிவுகளையும் இன்றைய பதிவுகளையும் ஒப்பிட்டு அண்மையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. முன்பு இயற்கை மீனின் வரத்து நவம்பரில் தொடங்கி வசந்தம்வரை விரிந்திருந்தது. இன்று அதன் உச்சம் ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போய், வரும் காலமே சுருங்கிவிட்டது. காரணங்களில் முதன்மையானது இங்கே போகஷீல் கரையில் கண்ணெதிரே இருக்கிறது: பொரிப்பகம். டகோமாவுக்கு அருகே உள்ள சேம்பர்ஸ் கிரீக்கின் வழிவந்த மீன்களைச் சீக்கிரம் சினையிடுமாறு தேர்ந்து தேர்ந்து வளர்த்து இந்த மாநிலத்தின் பல ஆறுகளிலும் விட்டார்கள். அவை டிசம்பரிலும் ஜனவரியிலும் கூட்டமாகத் திரும்பும். அவற்றைப் பிடிக்க அந்த மாதங்களில் தூண்டிலும் வலையும் ஆற்றை அடைத்துக்கொண்டு நின்றன. அதே நேரத்தில் வந்த இயற்கை மீனும் கூடவே போயிற்று. ஒவ்வொரு குளிர்காலமும் முன்னால் வருபவை செத்து, பின்னால் வருபவை மட்டும் சினையிட்டால், சில தலைமுறையில் முன்னால் வரும் குணமே அருகிவிடும்.

இது வெறும் எண்ணிக்கைக் குறைவைவிட மோசம் என்று எனக்குத் தோன்றுகிறது. நவம்பரில் வந்த மீன் மேலே, சின்னச் சின்ன ஓடைகள்வரை ஏறும். கோடையில் வற்றும் ஓடைகளில் சீக்கிரம் பிறந்த குஞ்சுதான் நீர் வற்றுமுன் வளர்ந்து இறங்கும். ஒரே வெள்ளத்தில் எல்லா முட்டைக்குழிகளும் அடித்துப்போகாமல் இருக்கவும் சினையிடும் காலம் விரிந்திருக்க வேண்டும். மழைக்காலமே ஒழுங்கு தப்பி வரும் இந்த நாட்களில் மீனிடம் இருந்த அந்த நீண்ட காலண்டரை நாம் கிழித்துவிட்டோம்.

பிற்பகலில் லா புஷ் போனோம். சோல் டக்கும் போகஷீலும் கூடி குயிலயூட் ஆறாகிக் கடலில் விழும் இடம். குயிலியூட் பழங்குடியின் ஊர். துறைமுகத்தில் சின்னப் படகுகள், மடித்து வைத்த வலைகள். கடலுக்குள் காடு முளைத்த பாறைத் தீவுகள் நிற்கின்றன.

வெள்ளைக்காரத் தூண்டில்காரர்கள் சிலர் விடுதி வாசலில் நின்று எல்லாப் பழியையும் இந்த வலைகள்மேல் போடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது. 1855-56 ஒப்பந்தத்தில் இந்தத் தீபகற்பத்தின் பெரும் நிலப்பரப்பைக் கொடுத்துவிட்டு, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை இந்த மக்கள் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். இத்தகைய உரிமைக்காக மாநிலத்தின் பழங்குடியினர் பலர் சிறைக்கும் போனார்கள். 1974 பிப்ரவரி 12 அன்று நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை அவர்களுக்கு உரியது என்று தீர்ப்பளித்தார். 1979இல் உச்ச நீதிமன்றமும் அதைப் பெருமளவு உறுதி செய்தது. மீனை இவர்களும் மாநிலமும் சேர்ந்தே நிர்வகிக்கிறார்கள். வலையும் மீனைக் கொல்கிறது என்பதை மறுக்கவில்லை. அதன் நாட்களைக் குறைப்பது பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் பழைய காட்டை வெட்டியதும், ஆற்றில் விழுந்த பெருமரங்களை அள்ளி எடுத்ததும், ஓடைகளைக் குழாய்க்குள் நுழைத்துச் சாலை போட்டதும் இவர்கள் அல்ல.

துறைமுகத்தில் நின்றபோதே மேற்கு வானம் கறுத்தது. காற்றில் குளிர் போய் ஈரம் வந்துவிட்டது.


ஞாயிறு, பிப்ரவரி 27
ஹோ மழைக்காடு

விடியும்போதே மழை. காலையில் கொஞ்ச நேரம் ஹோவின் ஒரு மடுவில் தூண்டில் போட்டோம். நீர் ஏறத் தொடங்கும் முதல் சில மணி நேரம் நல்ல வேளை. புது மீன் கடலிலிருந்து கிளம்பும். எதுவும் வரவில்லை. பிற்பகலுக்குள் நீலம் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது.

காட்டுக்குள் நடந்தோம். ஆண்டுக்கு மூன்றரை மீட்டர் மழை பெய்யும் இடம். மேப்பிள் கிளைகளிலிருந்து பாசி தாடியாகத் தொங்குகிறது. விழுந்து கிடக்கும் ஸ்ப்ரூஸ் மரத்தின் முதுகில் இளங்கன்றுகள் வரிசையாக வேர்விட்டு நிற்கின்றன. இந்த மரங்கள் ஆற்றில் விழுவது மீனுக்கு வரம். மரம் விழுந்து நீரைத் தடுத்தால் பின்னால் ஆழமான மடு உண்டாகும். முன்னால் சரளை படியும். அந்தச் சரளையில்தான் பெண் மீன் வாலால் அடித்துக் குழி பறித்து முட்டையிடும். வெள்ளத்தில் குஞ்சுகள் ஒதுங்குவதும் அந்த மரக்குவியலின் மறைவில்தான். பூங்காவின் எல்லைக்கு வெளியே வந்ததும் கரையோரம் ஒரே வயதுச் சிறு மரங்கள். அவை ஆற்றைத் தடுக்கும் அளவுக்குப் பெருக்க நூறு ஆண்டுக்குமேல் ஆகும்.

ஓடைக் குழாய்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. சாலைக்கு அடியில் மீன் ஏற முடியாத குழாய்களை மாநில அரசு மாற்ற வேண்டும் என்று பழங்குடிகள் தொடுத்த வழக்கு 2018இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. நீதிபதிகள் நான்குக்கு நான்கு எனப் பிரிந்ததால் பழங்குடிகளுக்குச் சாதகமான கீழ்நீதிமன்றத் தீர்ப்பு நிலைத்தது. இப்போது மாநிலத்தின் மேற்குப் பகுதி முழுவதும் குழாய்களை எடுத்துவிட்டுப் பாலங்கள் கட்டுகிறார்கள்.

கடலை என்ன செய்வது? 2014 முதல் 2016 வரை வட பசிபிக்கில் வழக்கத்தைவிட வெப்பமான நீர்ப்பரப்பு நிலைத்து நின்றது. 2019இல் மறுபடி வந்தது. ஸ்டீல்ஹெட் தின்னும் கணவாயும் சிறு மீனும் அதில் நிலைகுலைந்தன. அதே மேய்ச்சல் கடலுக்குப் பல நாட்டுப் பொரிப்பகங்கள் ஆண்டுதோறும் சால்மன் குஞ்சுகளைக் கோடிக்கணக்கில் அனுப்புகின்றன. கடலை நாம் ஒரு பருவத்துக்குள் சரிசெய்ய முடியாது. அதனால்தான் நம் கைக்கு எட்டும் ஆற்றில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்கிறேன்.


திங்கள், பிப்ரவரி 28
ஃபோர்க்ஸ்

கடைசி நாளை யாரும் பயன்படுத்த முடியவில்லை. இரவு முழுவதும் கொட்டிய மழையில் எல்லா ஆறுகளும் கரை தொட்டு ஓடுகின்றன. போகஷீல் பாலத்தில் நின்று பார்த்தோம். முழு மரங்கள் வேரோடு உருண்டு போயின. நீர் காப்பி நிறம். தூண்டில்காரர்கள் பாலத்தின் இரு பக்கமும் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். விடுதியில் மதியத்துக்குள் பாதி அறை காலி.

அண்ணனும் நானும் அறையிலேயே இருந்து வாதாடினோம். முழுத் தடை அவருக்கு ஒப்பவில்லை. தூண்டில்காரர்கள் ஆற்றங்கரையில் இல்லாமல் போனால் ஆற்றுக்காகப் பேசவும் ஆள் இருக்காது என்பது அவர் வாதம். காடு வெட்டும் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டவர்கள், அணை உடைக்கக் கூட்டம் கூட்டியவர்கள், குஞ்சு எண்ணப் போனவர்கள் பலரும் இந்த மீனை ஒரு முறை கையில் பிடித்தவர்கள்தான் என்கிறார். அதில் உண்மை இருக்கிறது. நானே அதற்குச் சாட்சி. ஆனால் பழுதுபட்ட தாடையோடு சினையிடப் போகும் மீனை அந்த வாதத்துக்கு விலையாக வைக்க எனக்கு மனமில்லை. ஆற்றைக் காக்கத் தூண்டில் கையில் இருந்தே தீர வேண்டும் என்றால் நம் அன்பு அவ்வளவுதானா என்று கேட்டேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "நீ சொல்வதை எழுதி அனுப்பு. நான் சொல்வதை நானும் எழுதுகிறேன்" என்றார். துறை ஒவ்வொரு பருவத்துக்கும் முன் பொதுமக்கள் கருத்துக் கேட்கிறது.

அவருக்கும் எனக்கும் ஒத்துப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. மார்ச்சை மூடிவிட்டு டிசம்பரைப் பழையபடி விட்டால் அந்த வழிகாட்டி கேட்ட மீன் திரும்பாது. நவம்பர் முதல் ஜனவரிவரை வரும் கொஞ்சநஞ்ச இயற்கை மீனைத் தூண்டிலும் வலையும் விட்டுவைக்க வேண்டும். அந்த மாதங்களை நோக்கி வளர்க்கும் பொரிப்பக மீனைக் குறைக்க வேண்டும். பொரிப்பக மீன் பலருக்கு உணவு, பழங்குடிகளுக்கு வருமானம். பேசித்தான் குறைக்க முடியும். பேசத் தொடங்குவதற்கு இந்தத் தடைக்காலத்தைவிட நல்ல நேரம் வராது.


செவ்வாய், மார்ச் 1
திரும்பும் வழி

மழை விடவில்லை. வெள்ளத்தைக் கடைசியாகப் பார்த்துவிட்டு, லேக் கிரெசன்ட் வழியாக மெதுவாக ஓட்டி வந்தோம்.

இன்று முதல் ஆறுகள் மூடல். வெள்ளம் வடிந்ததும் துறையின் உயிரியலாளர்களும் பழங்குடிகளின் உயிரியலாளர்களும் ஆறு ஆறாக நடந்து, படகில் போய், முட்டைக்குழிகளை எண்ணுவார்கள். சரளையில் பாசி நீங்கி வெளுத்த நீள்வட்டமாகத் தெரிவதுதான் குழி. அதைக் கொண்டுதான் எத்தனை மீன் சினையிட்டது என்று கணக்கிடுவார்கள். ஹோ ஆற்றுக்குக் குறைந்தது 2,400 மீன், குயிலயூட் தொகுதிக்கு 5,900 மீன் என்பது இலக்கு.

எண்ணி முடிக்கக் கோடை வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் அடுத்த பருவம் பற்றிய பேச்சு தொடங்கும். என் கடிதத்தை அதற்கு முன்பே அனுப்பிவிடுவேன். அடுத்த டிசம்பரில் ஆற்றைத் திறந்தாலும் நான் தூண்டிலோடு போகப்போவதில்லை என்பதையும் அதில் எழுதியிருக்கிறேன். அண்ணன் போவார் என்றுதான் நினைக்கிறேன். அவரோடு சமையலுக்கும் வண்டி ஓட்டவும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.